நண்பகலில் வரச் சொன்னவர்

இக்குறிப்பை நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு காணொளி. ஒரு நிமிடமும் நீளாத அக்காட்சியில், கண்ணாடிச் சாளரங்கள் வரிசையாய் அமைந்த நெடிய நடைக்கூடம் ஒன்றில், கம்பளிச் சட்டை அணிந்த நடுவயதுப் பெண்மணி ஒருவர் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எவர் துணையுமின்றி நடந்து வருகிறார். கூடத்தின் எல்லையில் நின்று, படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறார். சாளரத்துக்கு வெளியே பனி பெய்துகொண்டிருக்கிறது. கோவில்பட்டியிலும் சுற்று ஊர்களிலும் நரம்பு நோயாளர் உள்ள வீடுகளுக்கெல்லாம் இக்காட்சி கைப்பேசி வழியே இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. வெளிநாட்டு மருத்துவத்துக்கு ஆள் சேர்க்கும் தரகர்கள், ‘நம்ம ஊர் அம்மாதான், எழுந்து நடந்துட்டாங்க’ என்று ஒரு வரியைக் கீழே சேர்த்து அனுப்புகிறார்கள். சென்ற கிழமை என் பழைய மாணவர் ஒருவரே அதை எனக்கு அனுப்பி, “ஐயா, இது உண்மைதானா? என் தம்பி மனைவிக்காகக் கேட்கிறேன்” என்று வினவியிருந்தார்.

உண்மைதான், அவர் நடந்தார். ஆயினும் நெடுங்காலம் அவருடைய எதிர்வீட்டில் குடியிருந்தவன் என்ற முறையில், அக்காட்சி முடிந்த இடத்துக்குப் பின் நிகழ்ந்ததையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். அவர் இன்று உயிரோடு இல்லை. பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். ஊரார் அவரை ‘டூர் அக்கா’ என்றே அழைத்தனர். அடையாளத்துக்கு அது போதும்.

பேருந்து அமர்த்தி, ஆள் சேர்த்து, கோயில் குளங்களுக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதே அவருடைய பிழைப்பு. ஆடியில் ஒரு கூட்டம், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு ஒரு கூட்டம், மார்கழியில் மற்றொன்று. தீப்பெட்டி ஆலைப் பெண்கள், பருத்தி எடுத்து முடித்த சம்சாரி (உழவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வீட்டுப் பெண்கள், என்னைப் போல் ஓய்வு பெற்றோர் எனப் பலரும் அவரோடு சென்றிருக்கிறோம். மணம் செய்துகொள்ளாதவர், தையற்கடை வைத்திருந்த தங்கையோடு வாழ்ந்தார். ஒரு வழக்கத்தை மட்டும் அவர் ஒருபோதும் தளர்த்தியதில்லை. தாம் முன்னதாகத் தனியே சென்று பார்த்துவராத ஊருக்கு எவரையும் அழைத்துச் செல்லமாட்டார். புதிய ஊர் எதைச் சொன்னாலும், “நான் முதல்ல போயிப் பாத்துட்டு வாரேன்” என்பதே அவருடைய முதல் விடை.

அவர் பார்த்துவந்தது கோபுரத்தை எனக் கருதிவிட வேண்டா. மலைக்கோயிலாயின் முழங்கால் வலிக்கும் மூதாட்டியைப் போல மெல்ல ஏறி, ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து எழுந்து பார்ப்பார். நிழல் எந்தப் பொழுதில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காத்திருந்து அறிவார். பேருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்துத் தலவரலாறு சொல்லும் பணி என்னுடையதாக இருந்தது. ஒருமுறை பாண்டியர் கல்வெட்டு ஒன்றில் நான் திளைத்திருந்தபோது, ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“சாமியப் பத்தி சார் சொல்லிட்டாவ. கக்கூசப் பத்தி நான் சொல்லுதேன், எல்லாரும் கேட்டுக்கிடுங்க. கோயிலுக்கு வலது பக்கம் இருக்கதுக்குப் போவாதிய, தண்ணி வராது. தேர்முட்டிக்குப் பின்னால போங்க. மேல ஏறும்போது மூணாவது வளைவுல பலகக்கல்லு ஒண்ணு கெடக்கு. ஆச்சிமாரு அங்கன உக்காந்து மூச்சு வாங்கிக்கிடுங்க. சாமி எங்கயும் ஓடிப் போயிராது.”

பேருந்து முழுதும் சிரித்தது. என் கல்வெட்டு அன்று பாதியில் நின்றது. இறங்கியபின், சற்றே மனம் புண்பட்டவனாக, “பார்ப்பது என்றால் இவ்வளவுதானா, அம்மா?” என்றேன்.

“ஏறுதத மட்டும் பாத்தா எப்படி சார்? ஏறி, எறங்கி, வண்டியப் பிடிச்சு, வீட்டு வாசல்ல செருப்பக் கழத்துத வரைக்கும் பாத்தாத்தான பாத்ததாவும்.”

அவரை ஓரிடத்தில் உட்கார்ந்தபடி நான் கண்டது அரிது. தங்கை தைத்துக்கொண்டிருக்க, அவர் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தபடியே பேசுவார். தொலைபேசியில் ஓட்டுநரை வைதபடியே தெருமுனை வரை போய்த் திரும்புவார். பார்க்கிறவர்க்கும் கால் பரபரக்கும்.

ஒரு பங்குனி மாதத்தில், அவர் வெளியூர் சென்று மீண்டு, தம் வீட்டு வாசற்படியின் விளிம்பில் வலக்காற் செருப்பை அழுத்தித் தேய்ப்பதைக் கண்டேன். மழைக்குப்பின் கரிசலில் நடந்து வருவோர் அனைவரும் செய்வதே அது. ஈரக் கரிசல் பாதத்தை விடாது. அடிக்கு அடி பருத்து, காலோடு ஒரு கல்லைக் கட்டியது போலாகிவிடும். ஆனால் அப்போது மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன.

“எங்கே அம்மா மழை?” என்றேன்.

“எப்போதும்வென்றான் ஊருப் பக்கம் போயிருந்தேன் சார். ஓடையில ஈரம் கெடந்திருக்கும் போல. மண்ணு ஒட்டிக்கிட்டு விடமாட்டேங்கு.”

செருப்பின் அடியில் மண் இல்லை. மறுநாளும் தேய்த்தார். விளக்குமாற்றுக் குச்சியால் பாதத்தைச் சுரண்டினார். உப்பு நீரில் ஊறவைத்துக் கழுவினார். கரிசலில் பிறந்து வளர்ந்த கால், கனத்தால் அதை மண் என்றே அறியும். அது நோயாக இருக்கலாம் என்று அவர்க்கும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் தோன்றவில்லை.

கால் இழுக்கத் தொடங்கியதும் ஊர் அதை வாதம் என்றது. வாதத்துக்குக் குளிர் ஆகாது என்பதில் இங்கே எவர்க்கும் ஐயமில்லை. மணலை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தனர், எண்ணெய் காய்ச்சித் தேய்த்து வெந்நீர் வார்த்தனர், மின்விசிறியை நிறுத்தினர். ஒத்தடம் முடிந்து எழுந்தால் அவரால் நிற்கவே இயலவில்லை. “சூடு பத்தல” என்று அண்டை வீட்டார் மேலும் வறுத்தனர். அன்பு மிகுதியால் நிகழ்ந்தது அது. மதுரையில் மருத்துவர் ஒருவர் உரிய சோதனைகளைச் செய்த பிறகே செய்தி தெரிந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது நோயின் பெயர். நரம்புகளைப் போர்த்தியிருக்கும் உறை ஆங்காங்கே சிதைகிறது. மூளை இடும் கட்டளை காலைச் சென்று சேரும் முன் வழியிலேயே தேங்கிவிடுகிறது. அடக்கிவைக்க மருந்துண்டு, அடியோடு நீக்க இல்லை. உடல் சூடேறினால் தளர்ச்சி மிகும். குளிர்ந்தால் அத்தளர்ச்சி மெல்ல நீங்கும்.

“அப்ப நான் தப்பான ஊர்லல்லா பொறந்துட்டேன், டாக்டர்!” என்று இவர் சொன்னாராம்.

பயணத் தொழிலை அவரே நிறுத்திவிட்டார். பேருந்தில் உட்கார்ந்து வருவதற்குத் தடையில்லை. முன்னதாகச் சென்று பார்த்துவர இயலவில்லை. பாராத ஊருக்கு ஆள் கூட்டிப் போவது அவரால் ஆகாத செயல்.

சில ஆண்டுகள் கழிந்தன. பசுவந்தனைக்கு அருகிலுள்ள சிற்றூர்ச் சம்சாரி ஒருவர், மனைவியோடும் கல்லூரியில் படிக்கும் மகளோடும் அவரைத் தேடி வந்தார். மகளுக்கும் அதே நோய். அன்று நான் அங்கிருந்தேன். தாயே பேசினார்.

“அக்கா, வெளிநாட்டுல வச்சுப் பயிற்சி குடுத்து, நடக்கவச்சு அனுப்புதாவளாம். தரகரு படம்லாம் காட்டுனாரு. நாங்க காட்டக் குடுத்துட்டுப் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருதோம். நீங்க ஊரு ஊராப் போனவிய. வழிய மட்டும் சொல்லுங்க.”

மழையை நம்பி விதைக்கும் நிலத்தைக் காடு என்பது எங்கள் வழக்கு.

“எந்தக் காட்ட?” என்று கேட்டார் இவர்.

“இருக்கதே ஒண்ணுதான” என்றார் தந்தை, தரையைப் பார்த்தபடி.

இவர் அப்பெண்ணின் பாதங்களையே நோக்கிக்கொண்டிருந்தார். “ஏட்டி, காலுல மண்ணு ஒட்டுன மாரி இருக்கா?”

அப்பெண் திகைத்துத் தாயைப் பார்த்தாள். “ஆமா அத்தை. நான் யாருட்டயும் அப்படிச் சொல்லலியே.”

இவர் பல ஆண்டுகளாக நாங்கள் கேளாதிருந்த சொல்லைச் சொன்னார். “காட்ட இப்ப விக்காதிய. நான் முதல்ல போயிப் பாத்துட்டு வாரேன்.”

தங்கை தையற்பொறியை நிறுத்திவிட்டு, “ஏங்க்கா, இது என்ன திருச்செந்தூரா, போயிப் பாத்துட்டு வர?” என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. வீடு கட்டவென்று இருவரும் வாங்கியிருந்த மனை, அடுத்த மாதமே கைமாறியது. ஐப்பசித் தொடக்கத்தில் அக்காளும் தங்கையும் ஐரோப்பாவின் குளிர்நாடு ஒன்றுக்குப் புறப்பட்டனர். மழைக்காலம் முழுதும் எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. அப்பூட்டைப் பார்க்கும் போதெல்லாம் எனக்குள் ஓர் அமைதியின்மை. பிறர்க்காகப் பார்த்துவரப் போனவர் இவ்வளவு விலை கொடுப்பாரா என்று எண்ணுவேன். உடனே, அவ்வாறு எண்ணியதற்காக நாணுவேன்.

அவர்கள் பொங்கல் கழிந்து மீண்டனர். அந்நாட்டு மருத்துவமனையைப் பற்றி அக்காளும் தங்கையும் குறையாக ஒரு சொல்லும் கூறவில்லை. ‘இது நோயை நீக்கும் இடமன்று, உடலைப் பழக்கும் இடம். வீடு திரும்பியும் தொடர்ந்து செய்யவேண்டும்’ என்று முதல் நாளே மொழிபெயர்ப்பாளர் வாயிலாக எடுத்துரைத்தனராம். பயிற்சி ஒழுங்காக நடந்தது. ஒருநாள் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அவர் தடியை ஊன்றாமல் நடந்தார். தங்கை அதைப் படமெடுத்து உறவினர் ஒருவர்க்கு அனுப்பினார். அது அங்கிருந்து யார் யார் கைக்கோ போயிற்று.

“செலவெல்லாம் எப்படி அம்மா?” என்று கேட்டேன்.

“ஆசுபத்திரிக்காரவிய வாங்குனது ஒரு பங்குதான் சார். தரகரு அத மட்டும்தான சொல்லுதாரு! தொணைக்கு ஒரு ஆளு வேணும். அவளுக்கு விசா, அவளுக்கு ரூம்பு, அவளுக்குச் சோறு. அவ அங்கன கெடந்ததுல இங்கன தீவாளித் தையலும் போச்சு, கிறிஸ்மஸ் தையலும் போச்சு. வாடிக்க எல்லாம் அடுத்த கடைக்குப் போயிட்டு. பாஷ சொல்லுத தம்பிக்கு மணிக்கணக்குல காசு. ஏரோப்பிளேன விட்டு எறங்கி, எந்திரிக்க முடியாம கெடந்த நாளுக்கும் வாடக. கெளம்பும்போது, அடுத்த வருசமும் வந்தா நல்லதுன்னு சிரிச்ச மொகமாச் சொல்லுதாவ.” சற்று நிறுத்தி, “ஆனா கக்கூசு மட்டும் நூத்துக்கு நூறு சார்” என்றார்.

தை மாதக் காலைகளில் அவர் தனியே கடைத்தெரு வரை நடந்தார். காய்கறிக் கடையில் நின்று பேரம் பேசினார். ஊர் வியந்தது. பசுவந்தனைத் தாய் அதைக் கேள்வியுற்று ஓடிவந்தார்.

“அக்கா, எப்பப் பொறப்படணும்? காட்டுக்கு ஆளு வந்துட்டு.”

“இன்னும் பாத்து முடியல. சித்திரை வரைக்கும் பொறுங்க.”

மாசியில் அத்தாய் மீண்டும் வந்தார், அதே விடை. பங்குனியில் வந்தபோது மகளின் வலக்கையும் தளரத் தொடங்கியிருந்தது. நிலம் வாங்க வந்தவர் இனிக் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தரகர் நாள்தோறும் தொலைபேசியில் அழைத்தார். அன்று அத்தாய் வாசலில் நின்றபடியே, தெரு கேட்கப் பேசினார்.

“நீங்க போனிய, நல்லாயிட்டு வந்துட்டிய. கடைக்குப் போறிய, காய் வாங்குதிய. எம்மவ போவணும்னா மட்டும் பாத்து முடியலையோ? ஊரு சிரிக்கி. பொறாமையா அக்கா?”

எனக்கே பொறுமை எல்லை கடந்தது. அத்தாய் போனபின் சென்று, “ஒரு பெண்ணின் வாழ்வு இதில் அடங்கியிருக்கிறது. ஆம் என்றோ இல்லை என்றோ ஏதேனும் ஒன்று சொல்லவேண்டாமா?” என்று கேட்டேன்.

“வண்டி இன்னும் வீட்டு வாசலுக்கு வரல சார்” என்றார்.

மறுநாள் முற்பகலில், என் அறையிலிருந்தபடியே ஓர் ஓசையைக் கேட்டேன். வாசற்படி விளிம்பில் செருப்பைத் தேய்க்கும் ஓசை. எழுந்து சென்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

சித்திரை பிறந்து, வெயில் முற்றியதும் பசுவந்தனைக்குச் சொல்லியனுப்பினார். “காலையில வராதிய. உச்சிக்கு வாங்க. பிள்ளையக் கூட்டிட்டு வாங்க.” என்னையும் இருக்கச் சொன்னார். அவர்கள் வந்து அமர்ந்ததும், அறையிலிருந்த ஏர்கூலர் என்னும் நீர்க்காற்றுப் பெட்டியை நிறுத்தச் சொன்னார். தங்கை மறுத்தார், இவர் ஒரு பார்வை பார்த்தார், தங்கை நிறுத்திவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். ஓட்டுக்கூரையிலிருந்து வெக்கை இறங்கியது. அனைவர்க்கும் வியர்த்து ஒழுகியபின், தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

வாசல் நிலை அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. முதல் அடியை வைத்தார். அடுத்த அடிக்குக் கால் வரவில்லை. இடுப்பைத் திருப்பி அதை இழுத்தார். முழங்கால் மடிந்தது, சுவரைப் பற்றிய கை வழுக்கியது, தரையில் அமர்ந்துவிட்டார். தாய் அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

“பிடிக்காதிய. பாருங்க. நல்லாப் பாருங்க.”

பிறகு, எக்காலத்தும் தம்மை எவரும் தூக்கிவிடச் சம்மதியாத அவர், எங்கள் கண்முன் இரு கைகளையும் ஊன்றித் தரையில் நகர்ந்து நிலைப்படியை அடைந்தார். அங்கே சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார்.

“படத்துல நடக்குதவளும் நான்தான், இங்கன கெடக்கவளும் நான்தான். அவிய பொய் சொல்லல. அங்கன நடந்தேன். இங்கன வந்தும் நடந்தேன், வெயிலு வருத வரைக்கும். அவிய பழக்கிவிட்டது எங்கிட்ட இருக்கு, அத இங்கனயே செய்யலாம், தெனம் செய்யணும். அந்தக் குளிரத்தான் கட்டிக் கொண்டார முடியல. காட்ட வித்துப் போயிட்டு, திரும்பி எங்கன வந்து எறங்குவிய? வருசா வருசம் போவச் சொன்னா எத விப்பிய?”

“அப்ப எம்மவளுக்கு வழியே இல்லையா?” தாயின் குரலில் அழுகையைவிடச் சினமே மிகுந்திருந்தது. “இதச் சொல்லத்தான் வரச் சொன்னியளா?”

அப்போதுதான் மகள் எழுந்தாள். தடுமாறியபடி சென்று, இவர் அருகில் தரையில் அமர்ந்தாள். “அத்தை, திரும்ப எந்திரிக்க எவ்வளவு நேரம் ஆவும்?”

இவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அன்று தம்மிடம் எவரேனும் கேட்பார் என்று அவர் எதிர்பார்த்திருந்த கேள்வி அதுவே போலும். “பானையில துண்ட முக்கிக் கழுத்துல போடு. பாப்போம்.”

அவள் இடக்கையால் துண்டை நனைத்துக் கொணர்ந்து அவர் கழுத்தில் சுற்றினாள். நீர்க்காற்றுப் பெட்டி மீண்டும் ஓடியது. தந்தை ஒரு சொம்பு மோரை நாலைந்து முறை எடுத்து எடுத்துக் கீழே வைத்தார். காத்திருந்தோம். வெயில் சற்றுத் தாழ்ந்தபோது, இவர் நிலையைப் பற்றிக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார். அப்பெண் அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிலம் விற்கப்படவில்லை. அவள் விடியற்காலைப் பேருந்தில் வந்து இவரிடம் பயிற்சிகளைக் கற்றாள். மதுரை மருந்துகளையும் கோவில்பட்டி இயன்முறை மருத்துவரையும் விடவில்லை. நல்ல நாளும் தீய நாளுமாக இன்று தடியூன்றி ஓர் அலுவலகத்துக்குப் போய்வருகிறாள். அவள் தாய் மட்டும், “ஒரு தடவ போயிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?” என்று இன்னும் சொல்வதுண்டு. அதைத் தவறென்று கூற எனக்கு உரிமையில்லை.

அன்று மாலை அவர்கள் பேருந்தேறியபின் நிகழ்ந்ததையும் எழுதிவிடுகிறேன். இவர் என்னிடம், “நான் அந்தப் பிள்ளைக்காகத்தான் போனேன்னு நீங்களும் நெனைக்கியளா சார்?” என்று கேட்டார்.

நான் சுவரில் சாய்ந்திருந்த தடியை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

“போற வரைக்கும் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். அங்கன அந்தக் கூடத்துல தடி ஊணாம நடந்தேம்லா, அன்னிக்கி அவ நெனப்பே வரல. இந்த ஊரு நெனப்பு வரல. யாரையும் கூட்டிட்டு வரணும்னு தோணல. திரும்பி வரணும்னே தோணல சார். வாழ்க்கையில அன்னிக்கி ஒரு நாளுதான் நான் பாக்கப் போகாம, சும்மா போனேன்.”

இப்போது அக்காணொளி வரும்போதெல்லாம், இறுதியில் அவர் சிரிக்கும் இடத்தில் நிறுத்தி அம்முகத்தைப் பார்க்கிறேன். தரகர்கள் தம் வணிகத்துக்குப் பயன்படுத்துவது அச்சிரிப்பைத்தான். அவர் அதன்பின் மூன்று கோடைகளை இங்கேயே கழித்து, சென்ற ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு இறந்தார். ஈரக் கரிசலில் நடந்து வந்தோர் அனைவரும் அன்று அவர் வாசற்படியில் செருப்பைத் தேய்த்துவிட்டே உள்ளே சென்றனர்.

அவரோடு பயணம் செய்தோர் இப்பகுதியில் மிகப் பலர். பலகைக்கல் கிடந்தது எந்த வளைவில் என்பதில் என் நினைவு பிழைத்திருக்கலாம். அவர் பேச்சில் ஒன்றிரண்டு சொற்கள் என் நடைக்கு மாறியிருக்கலாம். நோயைப் பற்றி எழுதியதில் மருத்துவர் ஒப்பாத தொடர் இருக்கலாம். அறிந்தோர் அருள்கூர்ந்து திருத்துக, நன்றியுடன் ஏற்பேன். காணொளியை அனுப்புவோர் இதையும் உடன் அனுப்புக. அன்று அவர் நடந்துகாட்டிய அறையில் நிகழ்ந்ததில் ஐயமுள்ளோர் நேரிலேயே வரலாம். அத்தங்கை இன்றும் அங்கேதான் தைத்துக்கொண்டிருக்கிறார். வருவோர் சித்திரையில் வருக. காலையில் வேண்டா, உச்சிப்பொழுதில் வருக.